இந்த வாரம் யாருக்குத் தூரம்

போனில் இருந்த படிவத்தில் பதினான்கு கேள்விகள் இருந்தன. பதிமூன்றுக்கு மலர்கொடி பதில் எழுதிவிட்டாள். பதினான்காவது ஒரு சின்னக் கட்டம். அதைத் தொட்டால் மூன்று பெயர்கள் கீழே விரியும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீலம், சிவப்பு, கறுப்பு என்று உறையின் நிறத்தை வைத்து அவளும் பிள்ளைகளும் கூப்பிட்டுவந்த மூன்று கம்பெனி டேப்லெட்டுகளில், இந்தப் பிள்ளைகள் படிப்பதற்கு ஏற்றது எது? சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். இப்போது மணி பன்னிரண்டே கால்.

சொல்லிவிட்டால் அளத்துமேடு காலனிக்கு அந்த வகையில் நாற்பது டேப்லெட் வரும். சொல்லாவிட்டால் நாற்பதும் பெரிய முதலியார்சாவடி மையத்துக்குப் போய்விடும். அங்கேயும் இதே சோதனை நடந்தது. அங்கிருக்கும் பொறுப்பாளர் புதன்கிழமையே படிவத்தை அனுப்பிவிட்டார் என்பதை, சோதனையை நடத்தும் அறக்கட்டளையின் அலுவலகத்திலிருந்து அரவிந்தன் இரண்டு முறை போனில் சொல்லிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே உப்பளம் கண் கூசக் கிடந்தது. விடியுமுன் அளத்தில் இறங்கியவர்கள் பத்து மணிக்கே வாரி முடித்துக் கரையேறிவிட்டார்கள். வரப்போரமாக ஈர உப்பு சிறு குவியல்களாக வடிந்துகொண்டிருந்தது. சமுதாயக்கூடத்துக்குள் ஒன்பது டேப்லெட்டுகள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. நிறத்துக்கு மூன்று.

மலர்கொடிக்குத் திண்டிவனம் பக்கம். அப்பாவுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விவசாயம். இரண்டு வருடமாக பஸ் ஏறி வந்து இந்தக் காலனியின் மாலை வகுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். ஆறு வாரங்களுக்கு முன் ஒன்பது பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். ஆறு வாரமும் ஒரு பிள்ளையிடம் ஒரே டேப் இருக்க வேண்டும் என்பது விதி. சனிக்கிழமைதோறும் ஒன்பதும் கூடத்துக்கு வரும். பதிவுகளை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு, பின்பக்கம் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். இதில் தவறு நடக்க என்ன இருக்கிறது?

ஆனால் பதிவுகள் புரியவில்லை.

எட்டாம் வகுப்பு அஸ்வினியின் டேப் நீலம். முதல் வாரம் பின்னக் கணக்கில் இருபதுக்குப் பதினெட்டு. இரண்டாம் வாரம் அதே அஸ்வினி எட்டும் ஏழும் எத்தனை என்பதற்கு மூன்று தடவை தவறாகப் பதில் போட்டிருந்தாள். நான்காம் வாரம் மறுபடி பதினெட்டு. வாசிப்புப் பயிற்சியில் பிள்ளைகள் சத்தமாகப் படிப்பதை டேப் பதிவு செய்துகொள்ளும். அஸ்வினியின் பெயரில் இருந்த ஒரு பதிவைப் போட்டுக் கேட்டாள். "மயில் ஒரு அழ... அழகா..." என்று தடுமாறியது ஒரு பையனின் குரல். தம்பியாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். அஸ்வினிக்குத் தம்பி இல்லை. அண்ணனும் இல்லை.

ஒன்பது பேரின் வரைபடமும் இப்படித்தான் இருந்தது. வாரம் முழுக்க ஒரு மாதிரி போகும். ஞாயிறு வந்தால் உடைந்து வேறு மாதிரி ஆகும். மார்க் ஏறினால் ஞாயிறு, இறங்கினாலும் ஞாயிறு. அரவிந்தனிடம் கேட்டதற்கு, "வீக்கெண்ட்ல பசங்க மூடு மாறும் மேடம். எல்லா ஊர்லயும் அப்படித்தான்" என்றார். அதை அப்படியே ஒன்பதாம் கேள்விக்குப் பதிலாக எழுதிவைத்தாள். எழுதிய பிறகும் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

மொத்தக் கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது. கறுப்பின் சராசரி எழுபத்தொன்று. நீலம் ஐம்பத்தெட்டு. சிவப்பு நாற்பத்தொன்பது. பிள்ளைகள் கறுப்பைத் தொட்ட நேரம்தான் மூன்றிலும் குறைவு. "கம்மி நேரம், நிறைய மார்க். வேற என்ன வேணும்? கறுப்பைப் போடுங்க" என்று அரவிந்தன் சொல்லியிருந்தார். போட்டிருப்பாள். பதினொன்றாம் கேள்விதான் கையைப் பிடித்தது.

கற்றலுக்குத் தடையாக இருந்தவை எவை என்பது அந்தக் கேள்வி. அவள் எழுதியிருந்த பதில்: பெண் பிள்ளைகளின் உடல்நலம். அது உண்மையானால் மார்க் ஏறி இறங்கியதற்கு டேப் காரணமில்லை.

இரண்டாம் சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் கலையும்போது, அஸ்வினி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டதற்கு, "இந்த வாரம் எனக்குத் தூரம் மிஸ்" என்றாள். மலர்கொடியின் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். மாதாமாதம் மூன்று நாள். அவள் குரலைத் தாழ்த்தி, வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரம் வகுப்பில் இன்னொருத்தி, ஜெயப்ரியா, அதையே சொன்னாள். ஐந்தாம் சனிக்கிழமை மறுபடியும் அஸ்வினி. இருபத்தோரு நாள்தான் ஆகியிருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அஸ்வினியின் அம்மா அருக்காணியையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள்.

"அக்கா, அஸ்வினிக்கு இருபத்தோரு நாள்லயே தூரம் வருது போல. கவனிச்சீங்களா?"

"ஆமா டீச்சர். மூணு வாரத்துக்கு ஒருவாட்டி வந்துடுது."

"டாக்டர்கிட்ட காட்டலாமே?"

"டாக்டர் இன்னா பண்ணுவாரு? எல்லாருக்கும் மாத்தி மாத்தித்தான் வருது. அவ அப்பனுக்கும் போன வாரம் தூரம்தான்."

அப்பனுக்கு என்றது தன் காதில்தான் தவறாக விழுந்தது என்று மலர்கொடி நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்குக் கூடத்தின் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாலகுரு மேஸ்திரி. அளத்தில் உப்பு வாரும் ஆட்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுப்பவர். ஐம்பது வயது, முறுக்கிய நரைமீசை, பாதத்தில் உப்புப் பூத்த வெடிப்பு. ஆறு சனிக்கிழமையாகத் தவறாமல் வந்து வாசலில் குந்தியிருப்பார். பிள்ளைகளின் படிப்பில் இவ்வளவு அக்கறையுள்ள மனிதர் என்று மாத அறிக்கையில் அவரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தாள்.

"டேப்பெல்லாம் ரெடியா டீச்சர்? கொஞ்சம் சீக்கிரம் குடுத்தீங்கன்னா தேவல."

"ஏண்ணா, என்ன அவசரம்?"

"இந்த வாரம் எனக்குத் தூரம். மூணு மணிக்கெல்லாம் கெளம்பணும்."

மலர்கொடி போனைக் கீழே வைத்தாள். மீசையைப் பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை.

"உங்களுக்கா?"

"எனக்குந்தான். மேஸ்திரின்னா மட்டும் விட்டுடுமா?"

"அண்ணா, தூரம்னா... நீங்க எதைச் சொல்றீங்க?"

"தூரப் பாத்தி டீச்சர். வேற இன்னாத்த?"

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். காது சூடானது. அவர் ஜன்னலைக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். ரோட்டோரம் இருக்கும் பாத்திகள் கிட்டம். காலையில் வாரி வடிந்த உப்பை மூன்று மணிக்குமேல் தூக்கினால் நாற்பது தப்படியில் குவியலில் கொட்டிவிடலாம். கழுவெளி ஏரிப் பக்கம் இருப்பவை தூரம். தலையில் கூடையோடு வரப்பிலேயே அரை மைல் நடக்க வேண்டும். கால் வழுக்கினால் கூடையும் போச்சு, முட்டியும் போச்சு. ஒருவரே எப்போதும் தூரத்தில் கிடந்தால் அடிதடி ஆகும். அதனால் மூன்று மூன்று வீடாக ஒரு செட்டு. வாரத்துக்கு வாரம் கிட்டம், நடு, தூரம் என்று முறை மாறும்.

"சரிண்ணா. அதுக்கும் டேப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"டேப்பும் அதே மொறைதான?" அவருக்கு அவள் கேள்விதான் புரியவில்லை. "ஒம்போது டேப்பு குடுத்தீங்க. காலனில படிக்கிற புள்ளைங்க இருபத்தேழு. ஒம்போது வூட்டுக்குக் குடுத்துட்டு, மத்த பதினெட்டு வூடு வாயப் பாத்துக்கினு இருக்குமா? மூணு வூட்டுக்கு ஒரு டேப்பு. சனிக்கெழம சனிக்கெழம கலர் மாறும். நான் வந்து நின்னு பிரிச்சாத்தான் சண்ட இருக்காது. அதுக்குத்தான வாரா வாரம் வரேன்?"

மலர்கொடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஸ்வினியின் பெயர் ஒட்டிய நீலத்தை ஒவ்வொரு வாரமும் வேறு மூன்று பிள்ளைகள் தொட்டிருக்கிறார்கள். ஞாயிறு உடைந்த வரைபடங்கள், பையனின் குரல், எட்டும் ஏழும். எல்லாம் ஒரு நிமிடத்தில் புரிந்தன. புரிந்ததும் படிவத்தில் எழுதிய பதிமூன்று பதில்களும் கையைவிட்டுப் போயின.

"ஏண்ணா எங்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? நீங்க பேரு கூப்ட்டு குடுக்குறது ஒங்க மொறை. வெளியில மாத்திக்கிறது எங்க மொறை."

வாசல்படிக்குப் போய் அரவிந்தனைக் கூப்பிட்டாள். அங்கே நின்றால்தான் பேச்சுக் கேட்கும்.

"சார், பிள்ளைங்க டேப்பை மாத்திக்கிட்டாங்க."

"ஒரு நாள் ரெண்டு நாளா?"

"ஆறு வாரமும். ஒன்பது பேர் இல்ல சார், இருபத்தேழு பேர். ஆனா எல்லாரும் மூணையும் ரெண்டு ரெண்டு வாரம் பார்த்திருக்காங்க. அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"மேடம், நான் இதைக் கேக்கல. ஒரு பிள்ளைக்கு ஒரு டேப்ங்கறது விதி. விதி போச்சுன்னா டேட்டா செல்லாது. செல்லாதுன்னா நாற்பதும் எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். அஞ்சு மணிக்குள்ள ஏதாவது ஒண்ணைத் தொடுங்க. பதினாலாவது கேள்விக்குப் பதில் வந்தா மிச்சத்தை யாரும் பாக்க மாட்டாங்க."

திரும்பி வந்தபோது பாலகுரு டேப்லெட்டுகளைச் செட்டு செட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. முறை வைக்க வேண்டுமென்றால் எது கிட்டம், எது தூரம் என்று முதலிலேயே இவர்கள் முடிவு செய்திருக்க வேண்டும். அவளிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு இந்தக் காலனி முதல் வாரமே பதில் சொல்லிவிட்டது.

"அண்ணா, மூணுல எது கிட்டம்?"

"நீலம். அதுல பாடமெல்லாம் உள்ளயே கீது. படுத்துக்கினே படிக்கலாம். வெடிச்ச வெரல வெச்சாலும் எடுத்துக்குது. அருக்காணி அதுலதான் கையெழுத்துப் போடப் பழகிச்சு."

"சிவப்பு?"

"நடு. பாடம் உள்ள இருக்குது, ஆனா அளத்துக்குப் போயிட்டு வந்த கையின்னா தெரிஞ்சிக்காது. நாலுவாட்டி தேய்க்கணும். புள்ளைங்க கையின்னா சரி."

"அப்ப கறுப்பு..."

"தூரம்." அதைச் சொல்லும்போதே அவர் முகம் சுருங்கியது. "எதத் தொட்டாலும் நெட்டு கேக்குது. காலனிக்குள்ள ஏது நெட்டு? ஈசிஆர் பஸ் ஸ்டாப்புக்குப் போனாத்தான் ஓடும். ஒன்றரை கிலோமீட்டர். கறுப்பு வந்த செட்டு மூணும் அங்கதான் போய்க் கெடக்கும். ஒம்போது புள்ள."

ஆறாம் கேள்வி: இணைய வசதி உண்டா? தன் போனில் இரண்டு கோடு தெரிந்ததை நம்பி, உண்டு என்று எழுதியிருந்தாள்.

"ஆனா அண்ணா, கறுப்புலதான் மார்க் அதிகம்."

"அப்படியா?" பாலகுரு ஒரு கறுப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதுபோல. "ஒருவேள நடந்து போறதால இருக்குமோ?"

அவர் கேலி செய்கிறாரா என்று மறுபடியும் அவளுக்குத் தெரியவில்லை.

படிவத்தை அனுப்பவும் நெட் வேண்டும். இதுவரை அறிக்கைகளை வீட்டுக்குப் போய்த்தான் அனுப்பியிருக்கிறாள். இன்று ஐந்து மணிக்குள் திண்டிவனம் போய்ச் சேர முடியாது. நாலு மணிக்குக் கூடத்தைப் பூட்டிக்கொண்டு, போனையும் பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. காற்றில் உப்பு உதட்டில் கரித்தது. முன்னால் பிள்ளைகள் மூன்று கறுப்பு டேப்லெட்டுகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தாள். ஒன்பதுக்குப் பதில் பதிமூன்று பேர் இருந்தார்கள். அஸ்வினி கையில் நீலம் இருந்தது.

"அஸ்வினி, உனக்கு இந்த வாரம் கிட்டம்தானே? வீட்லயே படிக்கலாமே?"

"வூட்ல யாரு மிஸ் இருக்கா?"

மலர்கொடி அவளோடு சேர்ந்து நடந்தாள். பிறகு, "அந்த மாத்திரையைச் சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்ட்டேன் மிஸ். எதுக்கு மிஸ் அது?"

"சும்மாதான். உடம்புக்கு நல்லது."

"ஜெயப்ரியாவும் கேட்டா. கறுப்பு வந்தவங்களுக்கு மட்டும் மாத்திரை தருவீங்களான்னு."

பஸ் ஸ்டாப்பின் சிமெண்ட் பெஞ்சில் டேப்லெட்டுகளைச் சாய்த்துவைத்து, பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு கேள்வி வந்தது: நாலில் மூன்று பெரியதா, எட்டில் ஐந்து பெரியதா?

"அஞ்சு, எட்டு. ரெண்டுமே பெரிய நம்பர். அதான் பெருசு" என்றாள் ஜெயப்ரியா.

"போடி லூசு," என்றான் ஆறாம் வகுப்பு பிரபாகரன். "பாத்திய நாலாப் பிரிச்சா ஒண்ணொண்ணும் பெருசா இருக்கும். எட்டாப் பிரிச்சா சின்னதா இருக்கும்."

"சின்னதுன்னாலும் அஞ்சு எடுக்குற இல்ல?"

"அமுக்காத, அமுக்காத! இன்னும் பேசி முடிக்கல" என்று அஸ்வினி ஒரு சின்னப் பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். பிரபாகரன் செருப்பு நுனியால் மண்ணில் இரண்டு பாத்தி கிழித்தான். ஒன்றை நாலாக, இன்னொன்றை எட்டாகப் பிரிக்கப் பார்த்தான். எட்டு ஒன்பதாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அழித்து மறுபடி கிழித்தார்கள்.

"ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பதில் போடுறீங்களா?" என்று கேட்டாள் மலர்கொடி.

"இல்ல மிஸ். சண்ட போட்டுத்தான் போடுவோம்."

எழுபத்தொன்று. இது கறுப்பின் மார்க்கா, பஸ் ஸ்டாப்பின் மார்க்கா? கறுப்பைக் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தினம் இந்த வெயிலில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாது. நீலத்தைக் கேட்டால் அவரவர் வீட்டில் படுத்துக்கொண்டு எட்டும் ஏழும் தவறாகக் கூட்டுவார்களோ? அருக்காணியின் கையெழுத்தைப் பதினான்கு கேள்விகளில் எதுவும் கேட்கவில்லை. மணி நாலு நாற்பது. கட்டத்தைத் தொட்டாள். மூன்று பெயர்கள் விரிந்தன. இருபத்தேழு வீடும் கிட்டம் என்று முடிவு செய்ததை நினைத்து நீலத்தை அழுத்தினாள்.

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. பரிந்துரை உங்கள் மைய மதிப்பெண்களுடன் பொருந்தவில்லை, காரணம் குறிப்பிடவும். கட்டத்தில் பத்து எழுத்துக்குமேல் ஏறாது என்றிருந்தது. கொஞ்சம் யோசித்து, 'தூரம்' என்று அடித்து அனுப்பினாள்.

இரண்டே நிமிடத்தில் அரவிந்தன் கூப்பிட்டார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"மேடம், படிவம் வந்துடுச்சு. நாற்பது நீலம், உங்களுக்கே கன்ஃபர்ம். அந்தக் காரணம் மட்டும்... லேடீஸ் விஷயம்னா நான் கேக்கல. ஆனா ஆபீஸ் படிவத்துல அப்படிப் போடலாமா?"

"அது எல்லாருக்கும் வரும் சார். மேஸ்திரிக்கே இந்த வாரம் வந்திருக்கு."

"யாருக்கு?"

விளக்கினாள். பாத்தி, கூடை, வரப்பு, ரோட்டுவரை நடை. பாதி சொல்லும்போதே அவர் கேட்கவில்லை என்று தெரிந்தது.

"சரி மேடம், இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கறுப்பு நல்லதா, இல்லையா?"

"தெரியல சார்."

"அந்த ஆப்ஷன் படிவத்துல இல்லையே. அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம், மாத்தணும்னா மாத்திக்குங்க" என்று வைத்துவிட்டார்.

பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாற்பது டேப் வருது" என்றாள். "எல்லாம் நீலம். ஆளுக்கு ஒண்ணு."

ஓவென்று கத்தினார்கள். பிரபாகரன் செருப்பைக் காற்றில் எறிந்து பிடித்தான். சத்தம் அடங்கியதும் அஸ்வினி கேட்டாள்:

"அப்ப இனிமே யாருக்கும் தூரம் கெடையாதா மிஸ்?"

"கெடையாது."

"இங்க வரவும் வேணாமா?"

மலர்கொடி போனைப் பார்த்தாள். நாலு ஐம்பத்தாறு. 'மாற்று' என்ற பொத்தான் பச்சையாக இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். புதுச்சேரி பஸ் ஒன்று நிற்காமல் போனது. அது கிளப்பிய தூசியில் மண்ணில் இருந்த பாத்திகள் பாதி அழிந்தன.

"எது பெருசு மிஸ்? நீங்களே சொல்லுங்க" என்றாள் ஜெயப்ரியா.

எந்தக் கேள்விக்குப் பதில் கேட்கிறாள் என்று மலர்கொடிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "இன்னொருவாட்டி கோடு போட்டுப் பாருங்க" என்றாள். பிரபாகரன் குந்தி உட்கார்ந்து, இந்தத் தடவை விரலாலேயே கிழித்தான். முதலில் இரண்டு, பிறகு நாலு, அப்புறம் ஒவ்வொன்றையும் இரண்டாக. எட்டு சரியாக வந்தது. எல்லோரும் குனிந்து எண்ணினார்கள். அவளும் எண்ணினாள். நிமிர்ந்து போனைப் பார்த்தபோது மணி ஐந்து தாண்டி, பொத்தான் சாம்பல் நிறமாகியிருந்தது.